தற்குறி

என் மாமியார் ஒரு வெள்ளைக்கார மாது. இதைப் படித்ததும் நேயர்களில் சிலர் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் வைத்த விரலை எடுப்பதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. ஆனால் இந்தக் கட்டுரை என் கலியாணத்தைப் பற்றியதல்ல. என் மாமியார் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தையும், அந்தப் படத்தை நம்பி நாங்கள் தேடிப் போன மூதாதைகளையும் பற்றியது.

நான் சென்னையில் பட்டம் பெற்றவள். இப்போது இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயினி. மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. இங்கிலாந்தின் கீழ்க்கரையில் ஸபோக் என்னும் ஜில்லாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒரு சிறு கிராமத்தில் தனியாக வசிக்கிறார். மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்த நாட்டு வழக்கம். எனக்கோ நா எழவில்லை. ஆகையால் என் பெண் எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே நானும் "பாட்டி" என்று கூப்பிட்டு வருகிறேன். அவரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம் ஒரு சலவைக்கல்லின் புகைப்படம். மூன்று மைல் தூரத்திலுள்ள அடுத்த கிராமத்து மாதாகோயில் சுவரில் அந்தக் கல் பதித்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊர் மாளிகையில் வாழ்ந்த ஜமீன்தார் ஒருவரின் ஞாபகச் சின்னம். மேலே ஒரு கேடயமும் சிங்கமும். கீழே அவருடைய குணாதிசயங்கள் பன்னிரண்டு வரியில். அவருடைய குடும்பப் பெயரும் என் கணவருடைய குடும்பப் பெயரும் ஒன்றே. காலஞ்சென்ற என் மாமனார் அந்த ஜமீன்தாரின் வமிசத்தில் வந்தவர்கள்தாம் தாங்கள் என்று சொல்லுவாராம். இளைய பிள்ளை ஒருவன் சூதாடிச் சொத்தைத் தொலைத்துவிட்டானாம். சொத்தைத் தொலைத்த இளைய பிள்ளை ஒருவன் இல்லாத குடும்பம் பூலோகத்தில் எங்கேயாவது உண்டா?

என் கலியாணத்துக்குச் சில நாள் முன்பு அந்தப் படத்தின் அடியில் உட்கார்ந்துதான் மாமியார் என்னைக் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் எத்தனை தலைமுறை தெரியும், அம்மா?" அவர் கபடமில்லாமல்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என் மனத்தில் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. இதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் சொல்லப் போவதற்கு இது அவசியம்.

போன வருஷம் என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். தாய்வழியிலும் தந்தைவழியிலும் எத்தனை தலைமுறை முடியுமோ அத்தனையும் கண்டுபிடித்து ஒரு விருட்சமாக வரைய வேண்டும். என் பக்கத்துக்காகச் சென்னைக்கு டெலிபோன் செய்தேன். தகப்பனார் தம் பாட்டன், பூட்டன் பெயர்களைக் கடகடவென்று சொன்னார். "பூட்டியின் பெயர் என்ன, அப்பா?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. "வீட்டிலே எல்லாரும் அம்மாயி என்றுதான் சொல்லுவார்கள். பெயர்... யாரையாவது கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

தந்தைவழிக்கு மாமியாரிடம் போனோம். அவர் சுவரைக் காட்டினார். "ஜமீன்தாரிலிருந்து தொடங்கு, கண்ணே" என்றார். என் பெண்ணோ கணக்கு உபாத்தியாயினியின் பெண். "நடுவில் இருக்கிறவர்கள் எல்லாம் யார், பாட்டி?" என்று கேட்டாள். அந்த நடுவில் இருக்கிறவர்களைத் தேடித்தான் அந்த வருஷத்துக் கோடை விடுமுறை முழுவதையும் நாங்கள் இருவரும் செலவிட்டோம்.

இந்தக் காரியத்துக்கு இங்கிலாந்தைப்போல் வசதியான தேசம் அபூர்வம். அங்கே மாதாகோயில் ஒன்றைச் சேர்ந்த வட்டாரத்துக்குப் பாரிஷ் என்று பெயர். 1538-ஆம் வருஷத்தில் எட்டாவது ஹென்றி அரசனின் மந்திரியான தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷ் பாதிரியாரும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஜனங்கள், "இது ஏதோ வரி போடுவதற்கு முன்னேற்பாடு" என்று சந்தேகித்தார்கள். அவர்கள் சந்தேகம் வீண்போகவில்லை. கொஞ்சம் தாமதமாகப் பலித்தது, அவ்வளவுதான். 1783-ஆம் வருஷத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள்! 1794-ல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வரி இருந்த காலத்தில், கொடுக்க வகையற்ற தரித்திரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் ஆங்கில எழுத்தாகிய 'பி'யை எழுதிவைப்பார். தரித்திரன் என்பதற்கு அது அடையாளம்.

இது தவிர, பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த ஜனக்கணக்கும் இருக்கிறது. அதில் நூறு வருஷம் கழிந்ததைத்தான் பொதுஜனங்களுக்குத் திறந்து காட்டுவார்கள். 1921-ஆம் வருஷத்துக் கணக்கு 2022-ஆம் வருஷம் ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931-ஆம் வருஷத்துக் கணக்கு 1942-ல் தீயில் வெந்துபோயிற்று. 1941-ல் யுத்தம் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே நாங்கள் 1921-லிருந்து பின்னோக்கி நடந்தோம். கம்ப்யூட்டர் திரையில் உட்கார்ந்த இடத்திலேயே 1911, 1901, 1891 என்று படியிறங்கினோம். ஒவ்வொரு படியிலும் குடும்பம் மாமியார் இருக்கும் அதே கிராமத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு படியிலும் தொழில் ஒன்றுதான்: பண்ணைக் கூலி.

1841-ஆம் வருஷத்துக் கணக்கில் ஒரு குடிசை அகப்பட்டது. அதில் ஐம்பத்தைந்து வயதுப் பண்ணைக் கூலிக்காரர் ஒருவர், அவர் மனைவி, பிள்ளைகள். கூடவே எழுபத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி. அவளுக்குக் குடும்பப் பெயர் வேறு. அந்தக் கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதும்படி உத்தரவு இருந்தது. ஆகையால் எழுபத்தைந்து என்றால் எழுபத்தொன்பது வரையில் எதுவாகவும் இருக்கலாம். "இந்தப் பாட்டி யார், அம்மா?" என்றாள் என் பெண். குடித்தனக்காரியாக இருக்கலாம் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். அந்தத் தவற்றினால் இரண்டு வாரம் வீணாயிற்று.

அதற்குமேல் பழைய பாரிஷ் புத்தகங்களைப் பார்க்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட புத்தகங்களை ஜில்லா ஆவணசாலையில் ஒப்படைக்க வேண்டும் என்று 1978-ல் சட்டம் வந்தது. ஸபோக் ஜில்லாவின் ஆவணசாலை இப்ஸ்விச் நகரில் இருக்கிறது. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலுடன் உள்ளே போய், ஜமீன்தார் இருந்த பாரிஷின் புத்தகத்தைத்தான் முதலில் புரட்டினோம். ஜமீன்தாரின் பிள்ளைகள் மூவரின் ஞானஸ்நானமும் இருந்தது. அந்த மூவரும் சிறு வயதிலேயே இறந்து அடக்கமானதும் அதே புத்தகத்தில் இருந்தது. சூதாடிச் சொத்தைத் தொலைக்கும் வயது வரையில் ஒரு பிள்ளையும் பிழைத்திருக்கவில்லை.

என் மனத்தில் அப்போது என்ன தோன்றிற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்த எனக்குத் துக்கம் வரவில்லை. "ஜமீன்தார் வமிசம் பொய்யாகிவிட்டது!" என்று உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாயிற்று. பழைய முள் அப்படிப் பேசிற்று.

பிறகு மாமியார் கிராமத்தின் புத்தகத்தைப் பார்த்தோம். 1786-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தக் கூலிக்காரரின் ஞானஸ்நானம் இருந்தது. தகப்பன் பெயர் இல்லை; தாயின் பெயர் மட்டும். முறைதவறிப் பிறந்த குழந்தை என்று ஒரு வார்த்தை. ஓரத்தில் 'பி' என்ற எழுத்து. தாயின் குடும்பப் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். எத்தனையோ ஏழைகளுக்கும் இருந்த பெயர் அது. ஜமீன்தாருக்கும் அதுவே பெயராக வாய்த்திருந்தது.

ஆவணசாலையிலிருந்த உத்தியோகஸ்தர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தரித்திரர் சம்பந்தமான காகிதக் கட்டு இரண்டு பாரிஷுக்கும் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் கட்டு வருவதற்குள் அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எலிஸபெத் ராணியின் காலத்தில், 1601-ஆம் வருஷத்தில், ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்று ஏற்பட்டது. அதற்காக வீட்டுக்கு வீடு வரி. தர்மமான சட்டந்தான். ஆனால் 1662-ல் அதற்கு ஒரு வால் முளைத்தது. 'தன் ஏழைகள்' என்பவர் யார்? ஒருவன் அந்த ஊருக்குப் பாத்தியப்பட்டவன் என்று ருஜுவாகாவிட்டால், பாத்தியப்பட்ட ஊருக்கு அவனைத் துரத்திவிட இரண்டு மாஜிஸ்டிரேட்டுகளுக்கு அதிகாரம் வந்தது. மணமாகாத வேலைக்காரன், வேலைக்காரி ஓர் ஊரில் முழுசாக ஒரு வருஷம் ஊழியம் செய்தால் அந்த ஊரில் பாத்தியதை உண்டு. அதனால் கெட்டிக்கார எஜமானர்கள் ஐம்பத்தொரு வாரத்துக்கு மட்டும் ஆள் அமர்த்துவார்கள். மணமாகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், பிறந்த ஊருக்கே அந்தக் குழந்தை பாரம். ஆகையால் கர்ப்பிணியான வேலைக்காரி ஒருத்தி கண்ணில் பட்டால், பிரசவத்துக்கு முன்பே அவளை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட ஊரார் துடிப்பார்கள்.

கட்டு வந்தது. 1786-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இரண்டு மாஜிஸ்டிரேட்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் பிரமாணம் செய்து சொன்ன வாக்குமூலம் அதில் இருந்தது. ஒரே காகிதம், பழுப்பு நிறம். தனக்கு ஏறக்குறைய இருபது வயது என்றும், தகப்பனார் பக்கத்துப் பாரிஷுக்குப் பாத்தியப்பட்ட கூலிக்காரர் என்றும், பன்னிரண்டாவது வயதில் வேலைக்கு வந்ததாகவும் அவள் சொல்லியிருக்கிறாள். கடைசியாக இந்த ஊர்ப் பண்ணை ஒன்றில் வருஷத்துக்கு 2 பவுன் 10 ஷில்லிங் சம்பளத்துக்கு அமர்ந்தாளாம். செப்டம்பர் 29-ஆம் தேதி மைக்கேல் திருநாளுக்கு ஒரு வாரம் கழித்து வந்து, அடுத்த மைக்கேல் திருநாளன்று விட்டுவிட்டாளாம். நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஐம்பத்தொரு வாரம் என்று உடனே தெரிந்தது.

காகிதத்தின் அடியில் குமாஸ்தா அவள் பெயரை எழுதியிருக்கிறான். பெயருக்கு நடுவில் அவள் பேனாவை வாங்கி ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். ஒரு கோடு நேராக இருக்கிறது. மற்றொன்று நடுங்கியிருக்கிறது.

நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் எழுத்தறியாதவர்கள் கீறுகிற அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். நாளடைவில் அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டோம். வகுப்பில் கணக்கு வராத பையனைப் பார்த்து நானே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை.

தற்குறிக்குக் கீழே இரண்டு மாஜிஸ்டிரேட்டுகளின் கையெழுத்து. ஒன்று கொடிபோல் சுழன்று, பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. என் பெண்தான் முதலில் அதைப் படித்தாள். "அம்மா, இது பாட்டி வீட்டுச் சலவைக்கல்காரர்!" என்றாள்.

ஆம். மாமியார் பெருமையோடு மாட்டி வைத்திருந்த அதே ஜமீன்தார்தான். தம்முடைய குடும்பப் பெயரையே உடைய பெண்ணைத் தம் ஊரிலிருந்து வெளியேற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். என் கணவரின் குடும்பத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அதுதான்.

மாமியார் கிராமத்துத் தரும வரிக் கணக்கில் மீதிக் கதை கிடைத்தது. அவளை வண்டியில் ஏற்றி வந்த செலவு 2 ஷில்லிங். பிரசவம் பார்த்தவளுக்கு 5 ஷில்லிங். பிறகு வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸ். 1790-ஆம் வருஷத்து விவாகப் புத்தகத்தில் அவள் மறுபடியும் வருகிறாள். ஒரு கூலிக்காரரை மணந்து, மறுபடியும் அந்தப் பெருக்கல் குறியைப் போட்டிருக்கிறாள். இந்தத் தடவை இரண்டு கோடும் நேராக இருக்கின்றன. கணவனின் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டிற்று. 1841-ஆம் வருஷத்துக் குடிசையில், நான் குடித்தனக்காரி என்று தாண்டிப்போன கிழவியின் குடும்பப் பெயர் அது! எல்லை தாண்டி வண்டியில் வயிற்றோடு வந்த அந்தப் பிள்ளை, ஐம்பத்தைந்து வயதிலும் தாயாரைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருக்கிறான்.

அந்த 1786-ஆம் வருஷத்திலேதான் காரன்வாலிஸ் பிரபு கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்திறங்கினார். பிற்பாடு 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்து, அவருடைய பிள்ளைகள் இருவரைப் பிணையாகக் கொண்டுபோனவர் அவர்தான். அவருடைய குடும்பத்தின் பூர்வீக மாளிகை இருந்ததும் இதே ஸபோக் ஜில்லாவில், ப்ரோம் என்ற ஊரில். இங்கிலீஷ்காரர் என்றால் நம் மனத்தில் எழுகிற உருவம் அந்தப் பிரபுதான். 1947-ஆம் வருஷம் வரையில் நம்மை ஆண்டவர்கள் அத்தகையவர்களே. ஆனால் அவர்கள் தேசத்திலேயே அவர்கள் ஆண்ட ஜனங்களும் இருந்தார்கள் என்பது எனக்குச் சரித்திரப் புத்தகத்தில் அகப்படவில்லை. அந்தப் பழுப்புக் காகிதத்தில்தான் அகப்பட்டது. அந்தக் காகிதத்தை எழுதியவர்கள் அவளை ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக எழுதவில்லை. வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸை மிச்சப்படுத்துவதற்காக எழுதினார்கள். இருந்தும், அவள் தன் வாயால் தன் வாழ்க்கையைச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் நான்கு தலைமுறை வரையில் விவாகப் புத்தகத்தில் தற்குறிதான். 1870-ஆம் வருஷத்துச் சட்டம் கிராமங்களில் ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு வழி செய்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை ஒருவன், 1898-ல் தன் விவாகத்தில், முழுப் பெயரையும் தானே எழுதியிருக்கிறான். பள்ளிக்கூடத்து எழுத்து, குண்டு குண்டாக, கோடு பிசகாமல். அதைக் கண்டு உபாத்தியாயினியாகிய நான் கொஞ்சம் கண் கலங்கினேன் என்றால் நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

இனிமேல்தான் கஷ்டம். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? என் கணவர், "அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அந்தப் படம் அப்பாவின் ஞாபகம். அது பாட்டுக்கு மாட்டியிருக்கட்டுமே" என்றார். அவர் சொன்னது நியாயம். அதோடு, நான் சொன்னால் அது பழைய கேள்விக்குப் பதிலடி என்று ஆகிவிடுமோ என்றும் பயந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிற ஆசையில் எவ்வளவு பங்கு உண்மைக்கு, எவ்வளவு பங்கு முள்ளுக்கு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய், தேநீர் குடித்துவிட்டு, பேசாமல் திரும்பினேன்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை மாமியாரே கேட்டார்: "என்னிடம் எதையோ மறைக்கிறாய், இல்லையா?" என் பெண் என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தின் நகலை எடுத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரையில் படித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசிக் கையெழுத்தைப் படித்தபோது தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "பிப்ரவரி என்றா சொன்னாய்?" என்று கேட்டார்.

"ஆமாம், பாட்டி."

"அந்தப் பாதையில் பிப்ரவரியில் மண் கல்லாக இறுகிக் கிடக்குமே. மூடாத வண்டி. ஏழு மாதக் கர்ப்பிணி." கொஞ்சம் நிறுத்தினார். "இறங்கினதும் யார் வீட்டுக்குப் போனாள்?"

அது ஒரு காகிதத்திலும் இல்லை என்றேன்.

"என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் முதலில் கோபித்துக்கொண்டிருப்பார்" என்றார் மாமியார். "இரண்டு நாள் கழித்து, ஊரெல்லாம் அவள் கதையைத் தாமே சொல்லித் திரிந்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "கலியாணத்துக்கு முன்னால் உன்னை ஒன்று கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவருக்கும் அது ஞாபகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுவாரம் அவர் தம் கைத்தடியோடு புறப்பட்டார். இரண்டு பாரிஷுக்கும் எல்லையாக ஓர் ஓடை ஓடுகிறது. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். தரித்திரர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது. ஆகையால் அவளுக்கென்று போய் நிற்க அந்த ஓர் இடந்தான் உண்டு. பாட்டியும் பேத்தியும் நானும் பாலத்தின்மேல் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

என் பெண் வரைந்த விருட்சத்தின் உச்சியில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு பெருக்கல் குறி. "தகப்பன் பெயர் எங்கே?" என்று உபாத்தியாயர் கேட்டாராம். "எங்கள் குடும்பப் பெயரே இவள் கொடுத்ததுதான்" என்று பதில் சொன்னாளாம். சலவைக்கல் படம் இன்னும் அந்தக் கூடத்தில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் வாக்குமூலத்தின் நகலையும் மாமியார் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

விருட்சத்தில் என் பக்கத்துக் கிளை ஒன்றில் மட்டும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஒரு நாள் இரவு சென்னையிலிருந்து டெலிபோன் வந்தது. என் தகப்பனார் ஊரில் தொண்ணூறு வயது அத்தை ஒருத்தியைத் தேடிப் போய்க் கேட்டாராம்.

"அம்மாயி பெயர் கிடைத்துவிட்டது, அம்மா. எழுதிக்கொள்" என்றார்.